தரை ஆமையிலிருந்து ரோபோ வண்டி வரை: வகுப்பறைப் பிழைகளின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பள்ளியில் பெற்றோர் வருகை நாள் நடைபெற்றது. நான்காம் ஆண்டு மாணவர்கள் தாங்களே பூட்டித் தாங்களே நிரல் எழுதிய ஐந்து ரோபோ வண்டிகளை அன்று ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. நான்கு வண்டிகள் ஒழுங்காக ஓடின. ஐந்தாவது வண்டி மட்டும் இரண்டு மீட்டர் செல்வதற்குள் இடப்பக்கமாகச் சாய்ந்து, மேசைக்காலில் முட்டி நின்றுவிடும். அக்குழுவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் மூன்று நாள்கள் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலைக்குக்கூடச் செல்லாமல் அதனோடு போராடிக்கொண்டிருந்தான்.

முதல் நாள் மாலை, மாணவர்கள் வீடு திரும்பிய பின்னர், நான் அவன் நிரலைத் திறந்து பார்த்தேன். இரு மோட்டார்களுக்கும் வேகம் 100 என்று எழுதியிருந்தான். வலப்பக்க மோட்டாரின் எண்ணை மட்டும் 92 ஆக்கினேன். வண்டி நேராக ஓடியது. மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

மறுநாள் பெற்றோர் கைதட்டினர். அவன் மட்டும் கைதட்டவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்தான். "ஐயா, நேத்து வரைக்கும் இடது பக்கமாத்தானே போச்சு? இன்னைக்கு எப்படி நேரா போகுது?" என்று கேட்டான். உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. "பேட்டரி மாற்றினேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தேன்.

நான் செய்தது உதவியா, தவறா என்ற கேள்வி நெடுநாள் என்னை விட்டு நீங்கவில்லை. அதற்கு விடை தேடியபோதுதான் இவ்வண்டிகளின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. அங்கே கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிஸ்டல் நகரின் இரண்டு ஆமைகள்

இன்று நம் மாணவர்கள் கையிலிருக்கும் சிறு வண்டிகளுக்கு மூதாதையர் என்று சொல்லத்தக்கவை இரண்டு இயந்திர ஆமைகள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பர்டன் நரம்பியல் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய வில்லியம் கிரே வால்டர் என்னும் மூளை ஆய்வாளர், 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் அவற்றை உருவாக்கினார். எல்மர், எல்சி என்று அவற்றுக்குப் பெயரிட்டார். மூன்று சக்கரங்கள், ஓட ஒரு மோட்டார், திரும்ப ஒரு மோட்டார், ஒளியை அறிய ஓர் ஒளிமின்கலம், எதன்மீதேனும் மோதினால் உணரும் ஓடு, இரண்டே வெற்றிடக் குழல்கள். இவ்வளவுதான் அவற்றின் உடைமை.

ஆயினும் அவை ஒளியை நாடிச் சென்றன. தடைகளைச் சுற்றிக் கடந்தன. மின்சாரம் குறையும்போது விளக்கெரியும் தம் கூட்டுக்குத் திரும்பின. 1951ஆம் ஆண்டு பிரிட்டன் பெருவிழாவில் அவ்வகை ஆமைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒன்றை நாம் கருத வேண்டும். அவ்வாமைகளுக்கு யாரும் நிரல் எழுதவில்லை. அவற்றின் நடத்தை முழுவதும் மின்சுற்றிலேயே அமைந்திருந்தது. குழந்தை கட்டளையிட, ஆமை பணிந்து நடக்கும் காலம் வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

சொற்களிலிருந்து பிறந்த லோகோ

அக்காலத்தைக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர் சேமோர் பேப்பர்ட். 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்த கணித அறிஞர் இவர். 1958 முதல் 1963 வரை ஜெனிவாவில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ஜான் பியாஜேயோடு இணைந்து பணியாற்றினார். குழந்தை அறிவைப் பெறுவதில்லை, தன் செயலால் அதைக் கட்டி எழுப்புகிறது என்னும் கருத்து அங்கே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1967இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஓர் ஆய்வு நிறுவனத்தில், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோருடன் சேர்ந்து, குழந்தைகளுக்கென்றே ஒரு கணினி மொழியை அவர் உருவாக்கினார். அதுவே லோகோ. கிரேக்கத்தில் 'சொல்' எனப் பொருள்படும் 'லோகோஸ்' என்பதிலிருந்து வந்த பெயர் அது. மொழியாசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. தொடக்க கால லோகோவில் ஆமையே கிடையாது. குழந்தைகள் அதைக் கொண்டு சொற்களைப் பிரித்தனர்; கோத்தனர்; வாக்கியங்களை உருவாக்கினர்.

ஆமை பின்னர் வந்தது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், கிரே வால்டரின் ஆமைகளை நினைவில் கொண்டு, தரையில் ஊரும் ஓர் இயந்திரத்தைச் செய்து கணினியோடு இணைத்தனர். அதன் வயிற்றில் ஒரு பேனா இருந்தது. 'முன்னே 100' என்றால் நூறு அலகு நடக்கும். 'வலம் 90' என்றால் நின்ற இடத்திலேயே தொண்ணூறு பாகை திரும்பும். நடந்த தடத்தைப் பேனா கோடாக வரையும். கணிதம் அறியாத குழந்தையும் ஆமையின் இடத்தில் தன்னை வைத்து எண்ணிப் பார்க்க முடிந்தது. தன் காலால் நடந்து பார்த்து, அந்நடையையே கட்டளையாக எழுத முடிந்தது.

அறுபதா, நூற்றிருபதா?

இனி வருவதே என் கேள்விக்கு விடையளித்த பகுதி. சமபக்க முக்கோணம் வரையும்படி ஒரு குழந்தையிடம் கூறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முக்கோணத்தின் கோணம் அறுபது பாகை என்று பாடநூலில் படித்திருக்கிறது. ஆகவே 'முன்னே 100, வலம் 60' என்று மும்முறை எழுதுகிறது. ஆமை புறப்படுகிறது. முக்கோணம் வரவில்லை, அறுகோணத்தின் பாதி வருகிறது!

குழந்தை திகைக்கிறது. எழுந்து தானே நடந்து பார்க்கிறது. ஆமை திரும்ப வேண்டியது முக்கோணத்தின் உள்கோணம் அன்று. வெளிக்கோணமாகிய 120 பாகை என்று அப்போது புரிகிறது. ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பழைய திசைக்கே வந்தால் 360 பாகை. மூன்று திருப்பங்களுக்கு வகுத்தால் 120. இந்த அறிவை அதற்கு யாரும் புகட்டவில்லை. பிழைதான் புகட்டியது.

1980இல் பேப்பர்ட் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலின் நடுநாயகமான கருத்துகளுள் இதுவும் ஒன்று. பள்ளிக்கூடம் விடையைச் சரி, தவறு என இரண்டாகப் பிரித்துவிடுகிறது. தவறான விடையைக் குழந்தை அழித்துவிட்டு மறக்கவே விரும்புகிறது. நிரல் எழுதுவோரின் உலகம் அத்தகையதன்று. அங்கே முதல் முயற்சியிலேயே சரியாக ஓடும் நிரல் அரிது. எங்கே பிழைத்தது, எவ்வாறு சீர்செய்யலாம் என்பதே அங்குக் கேட்கப்படும் கேள்வி. நம் மொழியிலும் 'பிழைத்தல்' என்பதற்குத் தவறுதல் என்றும், உயிர் தப்பி வாழ்தல் என்றும் இரு பொருள் உண்டு என்பதை மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு.

திரைக்குச் சென்ற ஆமை மீண்டும் தரைக்கு வந்தது

எழுதப் படிக்கத் தெரியாத மழலையர் ஆமைக்கு எவ்வாறு கட்டளையிடுவது? இதற்கு விடை கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி. எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த அவர், 1974 முதல் 1976 வரை, பொத்தான்களை அழுத்தியும் அட்டைகளைச் செருகியும் ஆமையை நடத்தும் கருவிகளை வடிவமைத்தார். பிற்காலத்தில் கணினி வலைப்பின்னல்களுக்கு இன்றியமையாத ஒரு நெறிமுறையை 1985இல் உருவாக்கிப் புகழ்பெற்றவரும் இவரே.

1979இல் மில்டன் பிராட்லி நிறுவனம் 'பிக் டிராக்' என்னும் ஆறு சக்கர விளையாட்டு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் முதுகிலிருந்த பொத்தான்களால் 16 கட்டளைகள் வரை பதியலாம். ஆய்வுக்கூடத்தில் மட்டுமே இருந்த ஆமையின் கருத்து, இவ்வாறு வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால், 1980களில் பள்ளிகளுக்குச் சிறு கணினிகள் வந்தபோது, ஆமை பெரும்பாலும் திரைக்குள் குடியேறியது. காரணம் எளிது. தரை ஆமை விலை மிகுந்தது; ஒரு நேரத்தில் ஒரு குழந்தைக்கே பயன்படுவது; பழுதாவது. திரை ஆமைக்கு மின்கலம் தீர்வதில்லை, சக்கரம் வழுக்குவதில்லை. இங்கிலாந்தில் மட்டும் 1983இல் வேலியன்ட் ஆமையும் 1989இல் ரோமரும் தரை ஆமை மரபை வகுப்பறைகளில் காத்துவந்தன. 2000களில் வந்த பீபாட் என்னும் மஞ்சள் தேனீ அம்மரபின் வாரிசு. ஒரு கட்டளைக்கு 15 செ.மீ. நடக்கும்; ஒரு திருப்பத்திற்கு 90 பாகை திரும்பும்.

மற்றொரு கிளை பேப்பர்ட்டின் குழுவுக்கும் லேகோ நிறுவனத்திற்கும் இடையே ஏற்பட்ட நட்பிலிருந்து கிளைத்தது. அவருடைய நூலின் பெயரையே தாங்கி, 1998இல் 'லேகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ்' வெளிவந்தது. 2006இல் என்.எக்ஸ்.டி., 2013இல் இ.வி.3 என வளர்ந்த அவ்வரிசை, 2022இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. இதற்கிடையே, 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ மின்பலகையும், 2007இல் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்ச் மொழியும், 2016இல் பிரிட்டனின் பி.பி.சி. பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய மைக்ரோபிட்டும் விலை குறைந்த ரோபோ வண்டிகளுக்கு வழி திறந்தன.

நம் வட்டாரமும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. உலக ரோபோ ஒலிம்பியாட் போட்டி 2004இல் முதன்முதலாக நடைபெற்றது சிங்கப்பூரில்தான். 2012இல் அது கோலாலம்பூரில் நடைபெற்றது. போட்டி நேரத்தில் பயிற்றுநர் மாணவர்களின் வண்டியில் கைவைக்கக் கூடாது என்பது அதன் விதி. மலேசியாவில் 2017 முதல் கணினிச் சிந்தனை பாடத்திட்டத்தில் இணைக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2014இல் தொடங்கிய நிரலாக்கத் திட்டம் ஒன்று, 2020 முதல் மேல்நிலைத் தொடக்க வகுப்பு மாணவர் அனைவருக்கும் உரியதாயிற்று.

எண்ணப்பிழையும் பொருட்பிழையும்

இவ்வரலாற்றைப் படித்தபோது ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. திரை ஆமையிடம் ஏற்படும் பிழை பெரும்பாலும் ஒரே வகையானது. 120க்கு மாறாக 60 என்று எழுதுவது போன்றது. இதனை எண்ணப்பிழை எனலாம். தரையில் ஓடும் வண்டியிடம் மற்றொரு வகையும் உண்டு. மின்கலம் தளர்ந்திருக்கும், கம்பி கழன்றிருக்கும், தரை வழுக்கும். இதனைப் பொருட்பிழை எனலாம். ரோபோ வண்டியில் இவ்விரண்டும் கலந்தே வரும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாத குழந்தை, சரியான நிரலை ஐம்பது முறை மாற்றி எழுதிக் களைத்துப் போகும். அல்லது தன் நிரலிலுள்ள தவற்றுக்கு வண்டியின்மீது பழி போடும்.

பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அந்நிரலை வேறொரு வண்டியில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பிழை நிரலோடு சேர்ந்து புதிய வண்டிக்கும் வந்தால், அது எண்ணப்பிழையாக இருக்கும். பழைய வண்டியிலேயே தங்கிவிட்டால், பெரும்பாலும் அது பொருட்பிழை. இச்சோதனையை ஒரு முறை செய்து காட்டினால் போதும். அதன் பின்னர் மாணவர்கள் தாங்களே செய்துகொள்வார்கள்.

பொருட்பிழை எனத் தெரிந்தால், எங்கள் வகுப்பில் பின்வரும் வரிசையில் தேடுகிறோம்.

1. மின்கலம்: சாதாரண ஏ.ஏ. மின்கலம் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட்டு தரும். மீண்டும் மின்னேற்றத்தக்க வகை 1.2 வோல்ட்டுதான். நான்கைச் சேர்த்தால் முறையே 6 வோல்ட்டு, 4.8 வோல்ட்டு. ஆகவே, 'இரண்டு விநாடி முன்னே செல்' என்னும் கட்டளைக்கு ஒரே வண்டி வெவ்வேறு தூரம் ஓடும். என்.எக்ஸ்.டி. மோட்டாருக்குள் சுழற்சியை அளக்கும் உணரி உண்டு. விலை குறைந்த மஞ்சள் மோட்டார்களில் அது பெரும்பாலும் இராது. நேரத்தை அளக்கிறோமே தவிர தூரத்தை அன்று என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

2. சக்கரம்: வண்டியைக் கையில் தூக்கிச் சக்கரங்களைக் காற்றில் ஓடவிடுங்கள். காற்றில் இரண்டும் ஒன்றுபோல் சுழன்று, தரையில் மட்டும் வண்டி சாய்ந்தால், குற்றம் தரையிலோ முன்புறச் சிறு உருளையிலோ இருக்கலாம். காற்றிலேயே ஒன்று தயங்கினால், அச்சில் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

3. கம்பி: வண்டி நேராகப் போகாமல் நின்ற இடத்திலேயே பம்பரம்போல் சுழன்றால், ஒரு மோட்டாரின் இரு கம்பிகள் இடம் மாறியுள்ளன என்று கொள்ளலாம். இரு மோட்டார்களிலும் மாறியிருந்தால் 'முன்னே' என்ற கட்டளைக்குப் பின்னே செல்லும்.

4. உணரி: கறுப்புக் கோட்டைத் தொடரும் வண்டி, தரையில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டு. காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, நண்பகலில் சன்னலோரம் வழி தவறுவது இதனால்தான். பளபளப்பான கறுப்பு ஒட்டுநாடாவும் ஒளியைத் திருப்பி அனுப்பி ஏமாற்றும்; பளபளப்பற்றதை வாங்குங்கள்.

5. இணைப்பு: புளூடூத் வழி இயங்கும் வண்டிகள் பல ஒரே அறையில் இருந்தால், ஒரு குழுவின் கட்டளைக்கு மற்றொரு குழுவின் வண்டி ஓடிவிடும். எங்கள் வகுப்பில் இதனால் ஒருநாள் பெரும் சண்டையே மூண்டது. வண்டிக்கும் அதனை இயக்கும் கருவிக்கும் ஒரே எண்ணை எழுதி ஒட்டி, ஒவ்வொரு குழுவாக இணைப்பதே தீர்வு.

பீபாட் பயன்படுத்தும் பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். முந்திய குழந்தை அழுத்திய கட்டளைகள் அதன் நினைவில் இருக்கும். அடுத்தவர் அழுத்துபவை அவற்றோடு சேர்ந்துகொள்ளும். அழிக்கும் பொத்தானை முதலில் அழுத்தப் பழக்குங்கள். 'வண்டி கெட்டுவிட்டது' என்ற அழுகையில் பாதி இதனால் நின்றுவிடும்.

அந்த 92 என்னும் எண்

என் கதைக்குத் திரும்புகிறேன். பெற்றோர் வருகை நாளுக்குச் சில வாரங்கள் கழித்து, அம்மாணவனையும் அவன் குழுவினரையும் அழைத்தேன். மின்கலத்தை நான் மாற்றவில்லை என்றும், அவர்களுடைய நிரலை அவர்களுக்குத் தெரியாமல் திருத்தினேன் என்றும் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். அவன் கோபப்படவில்லை. "அப்போ, ஏன் இடது பக்கம் போச்சுன்னு இன்னும் நமக்குத் தெரியாதுதானே, ஐயா?" என்று கேட்டான்.

அவனுடைய பழைய நிரலை வேறொரு வண்டியில் ஏற்றினோம்; அது நேராக ஓடியது. ஆக, அவன் எழுதியதில் பிழையே இல்லை. பிறகு, சாய்ந்து ஓடிய வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைச் சுழலவிட்டோம். இடச்சக்கரம் தயங்கித் தயங்கிச் சுழன்றது. கழற்றிப் பார்த்தால், அச்சில் நீண்ட தலைமுடி ஒன்றும் கம்பள நூலும் இறுகச் சுற்றியிருந்தன. ஊசி முனையால் அவன் அவற்றை எடுத்தான். பின்னர், நான் திருத்திய நிரலோடு வண்டியைத் தரையில் விட்டோம். இப்போது அது வலப்பக்கம் சாய்ந்து ஓடியது!

நோய் இருந்த இடம் வேறு. நான் மருந்து தடவிய இடம் வேறு. அச்சு துப்புரவானதும், நான் எழுதிய 92 என்னும் எண்ணே புதிய பிழையாகிவிட்டது. அவன் சிரித்துக்கொண்டே அதனை அழித்து 100 என்று எழுதினான். வண்டி நேராக ஓடி, சுவரில் முட்டி நின்றது. அன்று கைதட்டியவர்கள் நான்கு பேர் மட்டுமே. அவர்களுள் அவனும் ஒருவன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை ஓடாத வண்டியோடு வீட்டுக்கு வந்தால், அதனை வாங்கிச் சரிசெய்து கொடுக்க உங்கள் கை துடிக்கும். எனக்கும் துடிக்கிறது. ஒரு கேள்வியை மட்டும் முதலில் கேளுங்கள்: 'அது என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தாய்? அது என்ன செய்கிறது?' இவ்விரண்டையும் பிள்ளை தன் வாயால், தமிழிலேயே, சொல்லி முடிப்பதற்குள் பல நேரங்களில் பிழை இருக்கும் இடம் அதற்கே தெரிந்துவிடுகிறது. தெரியாவிட்டால், மறுநாள் வகுப்பில் தேடுவோம்.

ஆசிரிய நண்பர்களே, எங்கள் வகுப்பில் இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு பயிற்றுப் புத்தகம் உண்டு. என்ன பழுது ஏற்பட்டது, எங்கே கண்டுபிடிக்கப்பட்டது, யார் கண்டுபிடித்தார் என்பதை மாணவர்களே அதில் எழுதி வைக்கிறார்கள். ஐந்தாம் வண்டியின் புத்தகத்தில் முதல் குறிப்பு அந்தத் தலைமுடியைப் பற்றியது. இரண்டாம் குறிப்பு 'ஐயா எழுதிய 92' என்பது. அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.